கருத்த விரலில் ஆக்சிமீட்டர்

மலேசியாவின் பத்து காஜாவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கெல்லி கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அருகிலுள்ள மாரியம்மன் கோயிலின் கூரையில் தெய்வங்களோடு வெள்ளைக்காரத் துரை ஒருவரும் நிற்கிறார். 1918 இன்ஃபுளுவென்சாவில் கோட்டை வேலைக்கு வந்த தமிழர்கள் பலர் மடிந்தபின், எஞ்சியவர்கள் கேட்டதற்கிணங்க வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டித் தந்த கோயில் அது. அந்தத் துரையும் 1926இல் லிஸ்பனில் நிமோனியா கண்டுதான் இறந்தார்.

அந்த இன்ஃபுளுவென்சாக் கொள்ளைநோயில் காதும் உதடும் ஊதா நிறமாகிவிட்டால் நோயாளி பிழைக்கமாட்டார் என்று ஐரோப்பிய மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். கருத்த தோலில் அந்த நிறமாற்றம் எளிதில் தெரியாது. நாக்கையும் இமையின் உட்புறத்தையும் பார்க்கவேண்டும். விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வந்தபின் அந்தச் சிக்கல் ஒழிந்தது என்று நம்பியிருந்தோம்.

ஒழியவில்லை. 2020 டிசம்பரில் மிச்சிகன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு நம் தூக்கத்தைக் கெடுத்திருக்கவேண்டும். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 88-க்கும் கீழே இருந்த அளவீடுகள் வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கருப்பினத்தவரில் 11.7 விழுக்காடு. கோவிட் நோயாளிகளிடம் செய்த 2022ஆம் ஆண்டு ஆய்வொன்றில் ஆசியரிடமும் கருவி கூட்டியே காட்டியது.

இப்போது இதை எழுதக் காரணம் ஏ.ஆர்.டி.எஸ் எனும் கடும் மூச்சுத்திணறல் நோய்க்கான புதிய உலகளாவிய வரையறை. 2024இல் அச்சான அது, தமனி இரத்தப் பரிசோதனை இல்லாமலே ஆக்சிமீட்டர் எண்ணைக் கொண்டு நோயை முடிவுசெய்ய இடம் தருகிறது. ஆக்சிமீட்டர் 97-க்கு மேல் போகாதிருக்க, அந்த எண்ணை நோயாளி இழுக்கும் ஆக்சிஜன் பின்னத்தால் வகுத்து 315 அல்லது அதற்குக் கீழே வந்தால் போதும். எக்ஸ்ரேக்குப் பதில் அல்ட்ராசவுண்டும் செல்லும். வசதி குறைந்த இடங்களை மனத்தில் வைத்துச் செய்த நல்ல மாற்றம். மாவட்ட மருத்துவமனைகளில் வேலை செய்கிறவர்கள் வரவேற்கத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தோட்டத்திலிருந்து வந்த முதியவர், 30 விழுக்காடு ஆக்சிஜனில் இருக்கிறார். கருவி 96 காட்டுகிறது. 0.30-ஆல் வகுத்தால் 320, வரையறைக்கு வெளியே. உண்மை அளவு 91 என்றால் 303, உள்ளே. ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதா, வார்டிலேயே வைத்திருப்பதா என்ற முடிவு இந்த இடைவெளியில் மாறிப்போகும். நெஞ்சு வேகமாக ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகும் "96 இருக்கே" என்று நகர்ந்துவிடுவது நம் எல்லா வார்டுகளிலும் நடப்பதுதான்.

2025 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட வரைவு, புதிய ஆக்சிமீட்டர்களைப் பல தோல் நிறத்தவர் 150 பேரிடமாவது சோதிக்கச் சொல்கிறது. அப்படிப்பட்ட கருவிகள் நம் வார்டுகளுக்கு வந்துசேர நாளாகும். அதுவரை, மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினால் கருவி என்ன சொன்னாலும் ஒருமுறை தமனி இரத்தம் எடுத்துவிடுங்கள். இரண்டு எண்களையும் நோயாளியின் தோல் நிறத்தையும் அனுப்புக் கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள். நம் நோயாளிகளுக்கான பிழையளவை நாமே கணக்கிட அந்தக் குறிப்புகள் வேண்டும். திரட்டியவற்றை இந்த இதழுக்கு அனுப்பினால் வெளியிடக் காத்திருக்கிறோம்.