எந்த மானிட்டர் வாங்கலாம்?

போன வாரம் எதிர் வீட்டு மாமி கையில் ஒரு துண்டுக் காகிதத்துடன் வந்தாள். அதில் பிள்ளையின் கையெழுத்தில், '24 அங்குலம், 180 ஹெர்ட்ஸ்' என்று இருந்தது. அதன் கீழே மாமியின் கையெழுத்தில், 'பெரிசாக இருந்தால் தேவலை' என்று இருந்தது.

"இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மானிட்டர்தான் வாங்க முடியும். நீதான் பட்டுத் தெரிந்துகொண்டவளாயிற்றே, சொல்லேன்" என்றாள்.

நான் பட்டது வாஸ்தவம்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரிச்சி தெருவுக்குப் போய், பெரிதாக இருக்கிறதே என்று 27 அங்குல மானிட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் வைத்து எழுதினால் எழுத்துக்களின் ஓரமெல்லாம் நூல் பிரிந்த துணி மாதிரி தெரிந்தது. சாயங்காலமானால் தலைவலி. மூக்குக் கண்ணாடியைக்கூட மாற்றிப் பார்த்தேன். குற்றம் கண்ணாடியில் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

வாசல் பெரிதாக இருக்கிறது என்பதற்காகப் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைத்துக் கோலம் போட்டால் எப்படி இருக்கும்? அதே கதைதான். மானிட்டரிலும் படம் புள்ளிகளால் ஆனது. 1920க்கு 1080 புள்ளி என்பது 24 அங்குலத் திரையில் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளி. அதையே 27 அங்குலத்தில் பரப்பினால் 82தான் தேறும். 27 அங்குலத்துக்கு 2560க்கு 1440 இருக்க வேண்டும். அப்போது அங்குலத்துக்கு 109 புள்ளி கிடைக்கும். எழுத்தும் எண்ணும் தெளிவாக நிற்கும். இன்னும் கூர்மை வேண்டுமென்றால் 4கே இருக்கிறது. அங்குலத்துக்கு 163 புள்ளி. ஆகவே, சகோதரிகளே, கடையில் 'எத்தனை அங்குலம்?' என்று கேட்டதோடு நிற்காதீர்கள். 'எத்தனை புள்ளி?' என்றும் கேளுங்கள்.

அடுத்தது பிள்ளைகள் சொல்லும் ஹெர்ட்ஸ். ஒரு விநாடியில் திரை எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதுதான் அது. 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே சுமார் 17 மில்லி செகண்ட். 144 ஹெர்ட்ஸில் 7. ஓடிப் பிடிக்கிற, சுடுகிற விளையாட்டுக்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பிள்ளை கேட்பது வீண் பிடிவாதமல்ல. ஆனால் 144ஐ விட 180 அவ்வளவு உயர்த்தி இல்லை. கணக்கு எழுத 60 போதும். '1 மில்லி செகண்ட்' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக அளந்து சொல்லுகிறது.

திரையின் ஜாதியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஐ.பி.எஸ். என்பது பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் நிறம் மாறாது. வேலை, விளையாட்டு இரண்டுக்கும் ஒத்துப் போகும். வி.ஏ. திரையில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். ஆனால் மலிவானவற்றில் இருட்டுக் காட்சி ஓடும்போது பின்னால் நிழல் இழுபடும். ஓ.எல்.இ.டி. பார்க்க வெகு அழகு, விலையும் ஜாஸ்தி. நாள் முழுக்க ஒரே கணக்குத் தாளை அசையாமல் வைத்திருந்தால், காலப்போக்கில் அதன் தழும்பு திரையில் தங்கிவிடக்கூடும்.

நம் கம்ப்யூட்டர் ஈடு கொடுக்குமா என்பதையும் பார்க்க வேண்டாமா? 4கே படத்தில் 1080ஐப்போல நான்கு மடங்கு புள்ளிகள். விளையாட்டில் அத்தனையையும் வேகமாக வரைய விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வேண்டும். பழைய லாப்டாப்பிலுள்ள எச்.டி.எம்.ஐ. 1.4 துவாரத்தில் 4கே படம் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. மௌஸை நகர்த்தினாலே இழுத்து இழுத்து வரும். லாப்டாப்பின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போவது உசிதம்.

இவ்வளவும் கேட்டுவிட்டு மாமி, "அவன் கேட்டதையே வாங்கிவிடுகிறேன். நான் எப்படியாவது சமாளித்துக்கொள்வேன்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாமி ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறவள். தினம் எட்டு மணி நேரம் அந்தத் திரையைப் பார்ப்பது அவள். பிள்ளை விளையாடுவது இரவில் ஒரு மணி நேரம். சமாளிக்க வேண்டியது யார்?

பிள்ளையைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவன் திகைத்துப் போய், "தலைவலி என்று நீ சொல்லவே இல்லையே, அம்மா!" என்றான்.

"நீ கேட்கவே இல்லையே" என்றாள் மாமி.

கடைசியில் 27 அங்குலம், 1440 புள்ளி, ஐ.பி.எஸ்., 144 ஹெர்ட்ஸ் என்று முடிவாயிற்று. பிள்ளையின் கம்ப்யூட்டர் திணறினால் விளையாட்டை மட்டும் 1080க்கு இறக்கிக்கொள்வான். பகலில் மாமி அதிலேயே தன் லாப்டாப்பைப் பூட்டிக்கொள்வாள்.

வாங்கி வந்த பிறகும் சில காரியங்கள் உண்டு. கம்ப்யூட்டர் பல சமயம் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். செட்டிங்ஸில் போய் 144ஆக மாற்றுங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை முழுக்க ஒவ்வொன்றாக வரவழைத்து, செத்த புள்ளி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் வேண்டாம், கண் கூசும். 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் 20 அடி தூரத்திலுள்ள எதையாவது 20 விநாடி பார்த்துக் கண்ணை இளைப்பாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் அந்தத் திரையை யார் அதிக நேரம் பார்க்கிறார்கள் என்று கணக்குப் பாருங்கள். அது நீங்களாக இருந்தால், கடையில் முதலில் வாய் திறக்க வேண்டியதும் நீங்கள்தான்.