ஓஎஸ்ஜிஐயா, மேவனா? கேள்வியே தப்பு!

எங்க ஃபைனல் இயர் புராஜெக்ட்ல மூணு பேர். "ஓஎஸ்ஜிஐ போடலாம்"னு ஒருத்தன், "மேவன் போதும்"னு இன்னொருத்தன். ரெண்டு வாரம் இதே சண்டை... ஒரு வரி கோடு எழுதலை. நானும் ஒரு பக்கம் சேர்ந்துக்கிட்டு கத்தினேன், அதான் வெட்கம்.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கு. ரெண்டுலயும் 'பிளகின்'னு பேச்சு வரும், ரெண்டுலயும் 'டிபென்டன்சி' எழுதணும். ஆனா வேலை வேற.

எங்க ஊர் திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம் இல்லாத நாள் அபூர்வம். முகூர்த்தத்துக்கு முன்னாடி கலசம், மாலை, சமையல் எல்லாம் வரிசைப்படி தயாராகணும். அது மேவன். கேட்ட ஜார் ஃபைல்களை இறக்கி, கம்பைல் பண்ணி, டெஸ்ட் ஓட்டி, மூட்டை கட்டிக் கொடுத்துட்டு ஒதுங்கிடும். மந்திரம் ஓதிக்கிட்டிருக்கும்போதே நாதஸ்வரக்காரரை மாத்தணும்னா? அதுக்குத்தான் ஓஎஸ்ஜிஐ. ஓடுற புரோகிராமை நிறுத்தாமலே ஒரு பண்டிலை ஏத்தலாம், இறக்கலாம்.

எக்ளிப்ஸ் 2004ல 3.0 வந்தப்ப ஓஎஸ்ஜிஐக்கு மாறுச்சு. அதே எக்ளிப்ஸை இன்னிக்கு பில்ட் பண்றது மேவனும், அதுக்கான டைக்கோ பிளகினும். ரெண்டும் ஒரே வீட்ல குடித்தனம் பண்ணுது பாருங்க!

என் கட்சி இதுதான்: பில்ட் டூல் எல்லாருக்கும் வேணும், முதல் நாளே வேணும். ஓஎஸ்ஜிஐ, நிறுத்தவே கூடாத மென்பொருளுக்கும், அடுத்தவங்க வந்து பாகம் சேர்க்கிற மென்பொருளுக்கும் மட்டும். எங்க லைப்ரரி புராஜெக்டை மூடித் திறந்தா யாருக்கு நஷ்டம்? மேவன் மட்டும் போட்டோம். போன ரெண்டு வாரம்தான் திரும்பி வரலை.