தள்ளுபடிக்காக மூன்றாண்டு மாட்டிக்கொள்ள வேண்டாம்

ராஜபாளையம் நூற்பாலைகளுக்கு ஒப்பந்த மின்தேவை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இயந்திரம் ஓடாத மாதத்திலும் உயரழுத்த இணைப்புக்கு ஒப்பந்த அளவில் 90 சதவீதத்துக்குக் கட்டணம் கட்டியாக வேண்டும். 2022 செப்டம்பரில் அது கேவிஏவுக்கு 350 ரூபாயிலிருந்து 550 ஆனது. கிளவுட் சர்வரை ஓராண்டு, மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எடுப்பதும் இதே கணக்குதான். அமேசான் 72 சதவீதம் வரை தள்ளுபடி தருகிறது. ஆனால் சர்வரை நிறுத்தி வைத்தாலும் ஒப்பந்தத் தொகை ஏறிக்கொண்டே இருக்கும். 40 சதவீதத் தள்ளுபடியில் ஓராண்டுக்கு எடுத்தால், ஏழு மாதத்துக்கு மேல் இரவுபகலாக ஓடினால்தான் லாபம். இணையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா விற்பவருக்கோ தீபாவளி நெரிசலுக்கு மட்டுமே கூடுதல் சர்வர் வேண்டும். அதற்குப் பன்னிரண்டு மாத ஒப்பந்தம் வீண்செலவு.

ஒப்பந்தம் போடாவிட்டால் மாதாமாதம் ஏறி இறங்கும் பில்லை வைத்துக்கொண்டு எப்படி பட்ஜெட் போடுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடந்த ஆறு மாதப் பயன்பாட்டில் எந்த நாளும் குறையாத அளவு எதுவோ, அதற்கு மட்டும் ஓராண்டு ஒப்பந்தம் போடுங்கள். சம்பளம், இருப்பு, கணக்கு என்று மூன்று ஷிப்டும் ஓடும் ஆலைக்கு அந்த அடிமட்ட அளவு நிச்சயம் உண்டு. மூன்றாண்டு என்றால் இன்னும் மலிவுதான். ஆனால் அதற்குள் வேகமான புதுச் சர்வர் வந்தாலும் பழையதற்கே பணம் கட்ட நேரலாம். ஒப்பந்தம் முடிந்தால் சர்வர் நிற்காது, சத்தமில்லாமல் முழு விலைக்கு மாறிவிடும். முடியும் தேதியை இன்றே குறித்து வையுங்கள்.