முடக்கப்பட்டோர் என்று சொல்லுங்கள்

அரசியலமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவை ஆங்கிலத்தில் வாசித்துப் பாருங்கள் தோழர்களே. தீண்டாமையை ஒழிக்கும் அந்தப் பிரிவில் 'டிஸெபிலிட்டி' என்ற சொல் இருக்கிறது. தீண்டாமையின் பெயரால் அதை ஒருவர் மீது சுமத்துவது குற்றம் என்கிறது. கோயிலுக்குள் விட மறுப்பதையும் பொதுக்கிணற்றில் நீரெடுக்கத் தடுப்பதையும் 1955ஆம் ஆண்டுச் சட்டமும் அதே சொல்லால்தான் குறிக்கிறது. கிணற்றடியில் தடுக்கப்பட்டவரின் கையில் எந்தக் குறையும் இல்லை. தடுத்தவன் இருந்தான்.

அதே சொல் எங்களைக் குறிக்கும்போது மட்டும் தடுத்தவன் காணாமல் போய்விடுகிறான். 2010இல் கலைஞர் ஆட்சி 'ஊனமுற்றோர்' என்பதை 'மாற்றுத்திறனாளிகள்' என்று மாற்றியது. நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் இளம்பிள்ளைவாதத்தில் கால் சூம்பிய என்னிடம் இருப்பது ஊன்றுகோல். மாற்றுத்திறன் எதுவும் இல்லை. என் ஆய்வுத்துறை இரண்டாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கேட்டு மனு கொடுத்தபோது, "உங்களுக்குத்தான் தன்னம்பிக்கை ஜாஸ்தியாச்சே தம்பி" என்றார் அதிகாரி. திறனாளி என்று அழைத்துவிட்டால் லிஃப்ட் செலவு மிச்சம்!

மோடி 2015இல் ஒருபடி மேலே போய் 'திவ்யாங்' என்றார். தெய்வீக அங்கமாம். முன்வினை என்று சொல்லி ஒதுக்கிய அதே மரபு இப்போது தெய்வீகம் என்கிறது. 'ஹரிஜன்' பார்த்த நமக்கு இந்த வித்தை புதிதா? 1938இல் அந்தச் சொல்லை எதிர்த்துத்தான் அம்பேத்கர் தன் கட்சியினரோடு பம்பாய் சட்டமன்றத்திலிருந்து வெளிநடப்புச் செய்தார்.

'தாழ்ந்தவர்' இல்லை, 'தாழ்த்தப்பட்டவர்' என்று சொல்லப் பழகியவர்கள் நாம். தாழ்த்தியது யார் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அப்படியானால் நாங்கள் முடக்கப்பட்டோர். 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டமே, உடற்குறை சுற்றியுள்ள தடைகளோடு சேர்ந்துதான் ஒருவரின் சமமான பங்கேற்பைத் தடுக்கிறது என்று வரையறுக்கிறது. சட்டத்திலுள்ள 'தடை' நம் பேச்சில் இல்லை.

நம் மேடைகளில் மட்டும் என்ன வாழ்கிறது? 'குருட்டு பக்தி', 'செவிட்டு அரசு'. எல்லாவற்றுக்கும் மேலே 'சாதிவெறி ஒரு மனநோய்'. கைதட்டலும் விழுகிறது. மனநோயாளி யாரும் ஊரைக் கூட்டித் திட்டம் போட்டு, அரிவாளோடு வந்து, ஜாமீனில் வெளியேறி மாலை வாங்கிக்கொள்வதில்லை. கொலைகாரனுக்கு இருப்பது நோய் இல்லை. நிலமும் சொந்தபந்தமும் காவல்நிலையச் செல்வாக்கும். அவனை நோயாளியாக்கினால் அவன் தப்பிக்கிறான், நோயாளி குற்றவாளியாகிறார். இந்த வாக்கியத்தை முதலில் நிறுத்துங்கள்.

அடுத்த கருத்தரங்கை மாடி மண்டபத்தில் வைக்காதீர்கள். கீழ்த்தளத்தில் இடம் பாருங்கள், சைகைமொழிபெயர்ப்பாளருக்கும் பணம் ஒதுக்குங்கள்.