பீங்கான் ஊரில் ஒரு தண்ணீர்க் கணக்கு

"நீ பி.காம். படிக்கிறாய். பாறை, நிலத்தடி நீரெல்லாம் உனக்கு எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எங்கள் பெரியப்பா கதையைச் சொல்கிறேன், பிறகு நீங்களே சொல்லுங்கள்.

பெரியப்பாவுக்கு வேப்பூர் பக்கம் நிலம். மந்தாரக்குப்பம் பக்கத்து உறவினர் ஒருவருக்குப் போரில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தார். தேங்காயைக் கையில் வைத்து இடம் குறித்தார்கள். அவருக்கு எத்தனை அடியோ அத்தனை அடி இவரும் போட்டார். புகைதான் வந்தது. அடுத்த மாதம் பெரியம்மாவின் நகையை அடகு வைத்து இன்னொன்று. அதிலும் புகை!

தவறு தேங்காயில் மட்டும் இல்லை. விருத்தாசலத்துக்குக் கிழக்கே நெய்வேலிப் பக்கம் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காக இருக்கின்றன. தண்ணீர் மணல் அடுக்கு முழுக்க நிரம்பியிருக்கும். மேற்கே வேப்பூரில் கடினப் பாறை. அங்கே மேலே சிதைந்த பாறையிலும் கீழே உள்ள விரிசல்களிலும்தான் தண்ணீர். விரிசல் இல்லாத இடத்தில் எவ்வளவு ஆழம் போனாலும் கிடைப்பது பாறைத்தூள்தான். உறவினரின் கணக்கை நம் பேரேட்டில் எழுதினால் எப்படி டேலி ஆகும்?

இந்தப் பாடத்துக்கு நெய்வேலியை விட நல்ல வகுப்பறை கிடையாது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் என்.எல்.சி. தொடங்கியது. ஆனால் நிலக்கரிக்கு அடியில் களிமண் மூடிபோட்ட நீர் அடுக்கு ஒன்று, சதுர செ.மீ.க்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது.

இங்கேதான் கணக்கு. 6 கிலோ என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 60 டன். தோண்டியபின் நீருக்கு மேல் 10 மீட்டர் மண் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் மண் சுமார் 2 டன். ஆக கீழே அழுத்தும் எடை 20 டன்தான். கீழிருந்து தள்ளுவது 60. சுரங்கத்தின் தரை வெடித்துவிடும்! அதனால்தான் தோண்டும் முன்பே ஆழ்குழாய்கள் போட்டு, இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். நம் பேலன்ஸ் ஷீட் மாதிரிதான், இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

அழுத்தம் சுரங்கத்துக்குள் மட்டும் குறையாது, அதே அடுக்கில் வெகுதூரம் குறையும். அதனால் கிணறு வற்றுவது பற்றிப் பேசுமுன் கேட்க வேண்டியது: உன் போர் எந்த அடுக்கில் இருக்கிறது? போன வருடம் நீர்மட்டம் எத்தனை அடி? இதற்குப் பதில் இல்லாமல் கத்தினால் குரல் வலிக்கும், அவ்வளவுதான்.

"அதெல்லாம் ஜியாலஜிஸ்ட் வேலை" என்பீர்கள். சரிதான். ஆனால் ஆடிட்டர் இருக்கிறார் என்பதற்காகக் கடைக்காரர் கணக்கு எழுதாமல் இருக்கிறாரா? மணலில் நீர் ஓடும் விதியை 1856-ல் வெளியிட்ட டார்சி, பிரான்சின் டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர். ஊர்ப் பிரச்சினையிலிருந்துதான் பாடம் பிறந்தது. நாமோ பாடத்தை மனப்பாடம் செய்துவிட்டு ஊரை மறந்துவிடுகிறோம்.

களிமண்ணைப் பிசைந்து பீங்கான் சுடும் ஊர் நம்முடையது. அதே களிமண்தான் அங்கே நீரை அடக்கிவைக்கும் மூடி என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எந்தப் படிப்பானாலும், நம் மண்ணை வைத்து இப்படிப் பத்துக் கணக்காவது போடச் சொல்ல வேண்டும்.

இப்போதைக்கு ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டில் போர் போட்டால், எத்தனை அடியில் என்ன மண் வந்தது, தண்ணீர் எங்கே தட்டியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெரியப்பா தெருவில் யாராவது ஒருவர் அப்படி எழுதி வைத்திருந்தால், இரண்டாவது போருக்கு முன்பாவது அவர் யோசித்திருப்பார். பெரியம்மா நகையும் தப்பியிருக்கும்.