நம் பழுப்பு நிலக்கரி கிராஃப் தாளில் ஏறட்டும்

பெறுநர்: கல்வித்துறை அலுவலகம், என்எல்சி இந்தியா நிறுவனம், நெய்வேலி.



நகரியப் பள்ளிகளின் ஆய்வகங்களுக்காக ஒரு கோரிக்கை. வரைபடம் வரைவதை மாணவர்களுக்குத் தனிப் பாடமாகவே கற்றுக்கொடுங்கள். அதற்கு நம் சுரங்கத்து நிலக்கரியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டு நோட்டுகளில் ஒட்டப்படும் கிராஃப் தாள்களின் குறைகள் தமிழகமெங்கும் ஒன்றுதான். அச்சுக்குப் பெயர் இருக்கும், அலகு இருக்காது. புள்ளிகள் எல்லாம் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். தனி ஊசல் சோதனையில் நீளத்துக்கும் அலைவுநேரத்தின் வர்க்கத்துக்கும் வரவேண்டியது நேர்கோடு. அதைப் புள்ளிக்குப் புள்ளி முறித்து இழுத்தால் சாய்வை எங்கே எடுப்பது? கடைசியில் ஈர்ப்பு முடுக்கத்துக்குப் புத்தகத்திலிருக்கும் 9.8 விடையாக வந்து உட்காரும். மாணவரின் அளவீடு வீணாகும்.

வரைபடம் ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1973இல் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு எண் தொகுப்புகளை வெளியிட்டார். நான்குக்கும் சராசரி ஒன்றே, பொருத்திய நேர்கோடும் ஒன்றே. வரைந்தால் ஒன்று நேராகப் போகிறது, இன்னொன்று வளைகிறது. மற்ற இரண்டில் விலகி நிற்கும் ஒற்றைப் புள்ளி கோட்டையே தன் பக்கம் இழுக்கிறது. அட்டவணை மறைத்ததை வரைபடம் காட்டியது.

இப்படி வரைந்து பார்க்க நம் நிலக்கரியே போதும். நெய்வேலி நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். ஆசிரியர் மேற்பார்வையில் 10 கிராம் பொடியை ஆய்வக ஓவனில் 105 டிகிரி செல்சியசில் வைத்து, சீரான இடைவெளியில் எடை பார்க்கட்டும். கிடையச்சில் நேரம், நிலையச்சில் எடை. கட்டத்துக்கு 1, 2, 5 என எளிதில் படிக்கக்கூடிய அளவுத்திட்டம். 3, 7 வேண்டாம். கோடு முதலில் வேகமாக இறங்கி, பின் தணிந்து, சமமாகும். சமமான இடத்தில் ஈரம் தீர்ந்தது. பாதியில் நிறுத்திய சோதனை என்றால் கோடு சமமாகாது. அதையும் வரைபடமே சொல்லிவிடும்.

நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் இங்கே சுரங்கம் நடக்கும். அந்த நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கண்காணிக்கும் பொறியாளர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு ஆய்வக ஆசிரியர்களுக்கு ஒரு நாள் வரைபடப் பயிற்சி நடத்துங்கள். பழைய நீர்மட்ட அளவீடுகளில் சிலவற்றை மாணவர்கள் வரைந்து பழகக் கொடுங்கள். பள்ளியளவிலான செய்முறைத் தேர்வுகளில் அலகு, அளவுத்திட்டம், பொருத்தமான கோடு ஆகியவற்றுக்குத் தனித்தனி மதிப்பெண் வையுங்கள்.

பெரிய செலவு எதுவும் இதில் இல்லை. நிலக்கரி, ஆய்வகம், அறிந்தவர்கள் எல்லாம் இங்கேயே உண்டு. வரும் கல்வியாண்டிலேயே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு