ஜன்னல் வானிலை



இந்த இதழின் நடுப்பக்கத்தைத் திறந்ததும் அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் லே-அவுட் தம்பிக்கே முதலில் அப்படித்தான் தோன்றியது. படத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார், மூடித் திறந்தார். "சார், ஃபைல் பாதியிலயே நின்னுடுச்சு போல. வெறும் சாம்பலா வருது" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவரே கூப்பிட்டார். "கீழ ஒரு கோடு தெரியுது சார். அது தரையா?"

தரைதான். ஐஸ்லாந்துத் தரை. வரைந்தவர் கேயோர்க் குத்னி. ஹாயுக்ஸன் என்றும் பெயருக்குப் பின்னால் போடுவார்கள். ஹாயுக்குரின் மகன் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. நம் இனிஷியல் மாதிரி. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத ஊர் நாம் மட்டுமில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

1961-ல் ரெய்க்யாவிக்கில் பிறந்து, 2011-ல் ஐம்பது வயதில் மறைந்தவர் குத்னி. 1980-களின் தொடக்கத்தில் அவர் ஓவியக் கல்லூரியில் படித்தபோது, ஆவேசமான தூரிகை வீச்சும் அலறும் வண்ணங்களும்தான் புதுமை. மலையும் பள்ளத்தாக்கும் தாத்தா வீட்டுக் கூடத்துச் சுவருக்கு உரியவை. அந்தத் தாத்தா வீட்டுச் சரக்கைத்தான் இவர் கையில் எடுத்தார். முதலில் சுவர் போல எழும் இருண்ட மலைகள். வருஷம் போகப் போக மலை பின்வாங்கியது, பள்ளத்தாக்கு விரிந்தது. கடைசியில் ஒரு தொடுவானமும் மழைக்கு முந்தைய ஒரு வெளிச்சமும் மட்டும் மிஞ்சின.

எண்ணெய் வண்ணத்தை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக்கி, ஒரு பூச்சு செங்குத்தாக, அடுத்தது கிடையாக, தறியில் பாவும் ஊடையும் ஓடுவது போல அடுக்கிக்கொண்டே போவார். நாம் பார்க்கும் சாம்பல் ஒற்றைச் சாம்பல் இல்லை. அடியில் நீலம், அதன் மேல் பழுப்பு, அதன் மேல் ஏதோ ஒரு பச்சை. வெளிச்சம் இத்தனை அடுக்குக்குள்ளும் இறங்கித் திரும்பி வருகிறது. அதனால்தான் அந்தப் படங்களுக்கு முன்னால் நிற்பவருக்குக் கண் பழகவே நேரம் பிடிக்கிறது. அவர் வரைந்தது மலையை இல்லை, மலைக்கும் நமக்கும் நடுவில் நிற்கும் காற்றை என்பது என் எண்ணம். மலை அதற்கு ஒரு சாக்கு.

அந்தத் தீவில் இது நடந்ததற்குக் காரணமும் உண்டு. அங்கே மரங்கள் மிகக் குறைவு. வெட்டவெளியில் தூரத்தை அளக்க ஒரு பனை கூடக் கிடையாது. காற்று சுத்தமாக இருக்கும் நாளில் அரை நாள் நடைத் தொலைவில் உள்ள மலை பக்கத்துத் தெருவில் இருப்பது போல் தெரியும். மூடுபனி இறங்கினால் பக்கத்துப் பாறையே காணாமல் போகும். நடுக் குளிர்காலத்தில் தலைநகரில் பகல் நாலு மணி நேரம்தான். சூரியன் தொடுவானத்தை ஒட்டியே ஊர்ந்துவிட்டுப் போய்விடும். வீட்டுக்குள்ளிருந்து பார்க்க அழகாக, வெளியே போனால் எலும்பை நடுக்குவதாக இருக்கும் நாளுக்கு அவர்கள் 'க்ளுக்கவேதுர்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஜன்னல் வானிலை. எரிமலைக் குழம்பு உறைந்த பாறைமேல் படரும் பாசி இன்னொரு வேடிக்கை: காய்ந்தால் சாம்பல், நனைந்தால் பச்சை. ஒரு தூறலில் நிலத்தின் நிறமே மாறிவிடும்.

தூரம் மலைகளை நீலமாக்கும் என்பது அவர்கள் பழமொழி. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது நம்முடையது. எட்டி நிற்பது எந்த நிறத்தில் தெரியும் என்பதில்தான் இரண்டு ஊருக்கும் வித்தியாசம்.

இவ்வளவு கண்ணுக்கு விருந்து இருந்தும் அங்கே நிலக்காட்சி ஓவியத்துக்கு வயது சுமார் 125 ஆண்டுதான். கதை சொல்வதில் நூற்றாண்டுக் கணக்கில் தேர்ந்தவர்கள். படம் வரைய வந்தது தாமதமாக. புத்தகம் கட்டும் தொழில் தெரிந்த தோராரின் தோர்லாக்ஸன் கோபன்ஹேகனில் ஓவியம் கற்றுத் திரும்பி, 1900-ல் ரெய்க்யாவிக்கில் காட்சி வைத்தார். சொந்த மண்ணில் கண்காட்சி வைத்த முதல் ஐஸ்லாந்து ஓவியர் அவர்தான். அவருடைய அந்தி வெளிச்சத்தில் ஒரு இலைகூட அசையாது.

பிறகு வந்தவர் கியார்வால். மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவர், பின்னாளில் 2000 குரோனா நோட்டில் முகம் பதிந்தவர். மற்றவர்கள் அண்ணாந்து மலையைப் பார்த்தபோது இவர் குனிந்து காலடியில் கிடந்த பாறையையும் பாசியையும் பார்த்தார். ரெய்க்யாவிக்கை ஒட்டி அவர் அடிக்கடி போய் வரைந்த எரிமலைப் பாறைவெளி ஒன்றின் குறுக்கே 2013-ல் சாலை போட வந்தபோது, இயந்திரங்களுக்கு முன்னால் உட்கார்ந்து கைதானவர்கள் உண்டு. இன்று அந்தக் குனிந்த பார்வையின் வாரிசு எக்கர்ட் பியெத்துர்ஸன். 1980-களில் தாவரவியல் நூல் ஒன்றுக்குப் படம் வரைந்தவர். அவருடைய கித்தானில் வானமும் இல்லை, மலையும் இல்லை. விரல் நகத்தளவு காட்டுப் பூக்கள் ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றும் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் துல்லியத்தில். குத்னியின் மூடுபனியிலிருந்து நேரே இவரிடம் வந்தால் கண் திணறிப் போகும்.

வடதுருவ ஒளி, கறுப்பு மணல், தனியாக ஒரு தேவாலயம் என்று வரைந்து விற்கும் படங்களும் அங்கே நிறைய. அவற்றை இந்த இதழில் சேர்க்கவில்லை. நாட்காட்டிக்கு நல்ல படங்கள்தாம், குறை சொல்லவில்லை. ஆனால் புகை போட்டால் மட்டும் மூடுபனி ஆகிவிடாது.

நேற்று அச்சகத்திலிருந்து ஃபோர்மன் அண்ணன் போன் செய்தார். நடுப்பக்கத் தாள் அவர் கையில் இருந்தது.

"சார், படம் வெளுப்பா இருக்கே. கறுப்பு கொஞ்சம் ஏத்தட்டுமா?"

"வேண்டாம்ணே. அப்படியே ஓட்டுங்க."

"காஞ்சதும் இன்னும் மங்கும், பாத்துக்குங்க."

"மங்கட்டும்ணே."

அன்புடன்,
ஆசிரியர்